மேட்டில் மூச்சு வாங்கும் லோரி: குற்றம் டிரைவரிடமா, பம்ப்பிலா?

சம்பளம், லீவு, வீடு, தண்ணீர் என்று எழுதுவதுதான் இந்தப் பகுதியின் வழக்கம். இந்த வாரம் ஒரு ரப்பர் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். உள்ளங்கையில் அடங்கிவிடும், வட்டமான ஒரு ரப்பர் தோல். செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் டீசல் பம்ப்புக்குள் யார் கண்ணுக்கும் படாமல் உட்கார்ந்திருக்கும். அது கிழிந்தால் லோரியின் பலம் போய்விடும். சில இடங்களில் டிரைவரின் பேரும் சேர்ந்து கெட்டுவிடுகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

"அண்ணே, லோரி மேடு ஏறமாட்டேங்குது. நாலு நடை ஓடின இடத்துல மூணு நடைதான் ஓடுது. டீசலை மட்டும் நல்லா குடிக்குது. ஆபீஸ்ல என்னையத்தான் கேள்வி கேக்குறாங்க." இப்படிச் சொல்லிக்கொண்டு வரும் டிரைவர்களைப் பல தோட்டங்களில் பார்த்துவிட்டேன். தீபகற்பத்தில் 2024 ஜூன் 10-ஆம் தேதி டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு ஏறிய பிறகு, நான் போய்வரும் ஆபீசுகளில் டீசல் கணக்கைக் கிராணிமார்கள் சொட்டுச் சொட்டாக எண்ணிப் பார்க்கிறார்கள். எண்ணட்டும், அது அவர்கள் வேலை. ஆனால் கணக்கு இடித்தால் முதலில் பார்க்க வேண்டியது டிரைவரின் முகத்தையா, லோரியின் பம்ப்பையா என்பதுதான் கேள்வி.

லயத்து அடுப்பை நினைத்துப் பாருங்கள். விறகை நிறையத் திணித்துவிட்டு ஊதாமல் விட்டால் என்ன ஆகும்? வீடெல்லாம் புகை, சோறு வேகாது. ஊதுகுழலை எடுத்து நன்றாக ஊதினால் அதே விறகு திகுதிகுவென்று எரியும். டீசல் எஞ்சினும் அப்படித்தான். ஒரு கிலோ டீசல் முழுசாக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதைவிடக் கூடுதலாகவே வேண்டும். அந்தக் காற்றை ஊதிக் கொடுப்பதுதான் டர்போ. எஞ்சினிலிருந்து வெளியே போகிற சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறு முனையில் உள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, அழுத்தி, எஞ்சினுக்குள் தள்ளுகிறது. வீணாய்ப் போகிற புகையை வேலை வாங்குகிற இந்த யோசனைக்கு சுவிட்சர்லாந்துக்காரரான ஆல்ஃபிரட் பூக்கி 1905-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். கெட்டிக்கார மனிதர்.

ஆனால் டர்போவுக்கு ஒரு குணம் உண்டு. எஞ்சின் மெதுவாக ஓடும்போது அதற்கு ஊத மூச்சு இருக்காது. பாரம் ஏற்றிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் காற்று குறைவு. அப்போது முழு டீசலையும் கொட்டினால் எரியாமல் கரும்புகையாகத்தான் வெளியே போகும். ஆகவே, "காற்று வரட்டும், அப்புறம் ஊற்றுகிறேன்" என்று டீசலைப் பிடித்து வைக்க ஒரு காவல்காரன் தேவை. அந்தக் காவல்காரன்தான் பூஸ்ட் காம்பன்சேட்டர். சில பட்டறைகளில் இதையே அனிராய்டு என்றும் சொல்வார்கள்.

எஞ்சினுக்குள் காற்று நுழைகிற மேனிஃபோல்டிலிருந்து சுண்டுவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய் பம்ப்புக்கு வரும். வி.இ. வகை பம்ப்பாக இருந்தால் பம்ப்பின் தலையில் வட்டமான மூடி தெரியும். வரிசை பம்ப்பாக இருந்தால் கவர்னர் இருக்கும் கோடியில் இருக்கும். மூடிக்குக் கீழேதான் நாம் சொன்ன ரப்பர் தோல், டயாபிரம். அதற்கு அடியில் ஒரு ஸ்பிரிங். டர்போ காற்று குழாய் வழியாக வந்து தோலை அழுத்தும். தோல் ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு இறங்கும். தோலோடு சேர்ந்து ஒரு கூம்பு வடிவக் கம்பியும் இறங்கும். அந்தக் கம்பியில் சாய்ந்து நிற்கும் ஒரு குட்டி ஊசி நகர, உள்ளே ஒரு நெம்புகோல் அசைய, டீசலின் உச்ச அளவு கூடும். காற்று இல்லையென்றால் ஸ்பிரிங் தோலை மேலே தள்ளிவிடும், டீசல் குறையும். கம்ப்யூட்டர் கிடையாது, ஒயர் கிடையாது. ஒரு தோல், ஒரு ஸ்பிரிங், ஒரு கம்பி, அவ்வளவுதான்.

இதில் தோல் கிழிந்தால்? காற்று அழுத்தினாலும் தோல் இறங்காது. டர்போ நன்றாக ஊதிக்கொண்டிருக்கும், பம்ப்போ "இன்னும் காற்று வரவில்லை" என்று நினைத்துக்கொண்டு டீசலைப் பிடித்தே வைத்திருக்கும். புகையும் இருக்காது, இழுவையும் இருக்காது. காலி லோரி ஒழுங்காக ஓடும். ஏழு டன் ஏற்றி மேட்டில் விட்டால்தான் குட்டு வெளிப்படும்.

புகையைப் படிக்கத் தெரிய வேண்டும்

பட்டறைக்குப் போகும் முன்பே டிரைவர் சொல்ல வேண்டிய சேதி ஒன்று உண்டு. பலம் குறைந்தபோது புகை வந்ததா இல்லையா, வந்தால் என்ன நிறம், எப்போது வந்தது? இதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பலம் இல்லை, புகையும் இல்லை என்றால் எஞ்சினுக்கு டீசல் போதவில்லை. முதலில் பில்டர், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம், டேங்கிலிருந்து இழுக்கும் சின்னப் பம்ப், இதையெல்லாம் பாருங்கள். 2019 முதல் நம் நாட்டில் வண்டிகளுக்கு விற்கும் டீசலில் பத்து விழுக்காடு செம்பனையிலிருந்து செய்த பயோடீசல் கலக்கிறார்கள். நாம் வெட்டுகிற குலைதான் சுற்றிவந்து நம் லோரிக்குள்ளேயே எரிகிறது! நல்ல விஷயம்தான். ஆனால் அது பழைய டேங்கில் படிந்திருக்கும் அழுக்கைக் கரைத்து பில்டருக்கு அனுப்பும், தண்ணீரையும் சாதாரண டீசலைவிடக் கூடுதலாக இழுத்து வைத்துக்கொள்ளும். வாரக் கணக்கில் நிறுத்தி வைத்த லோரியில் கிண்ணத்தைத் திறந்து தண்ணீரை வடிப்பது கட்டாயம். இவை எல்லாம் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் அந்தச் சின்னக் குழாயும் டயாபிரமும்தான்.

கிளம்பும்போது குப்பென்று கரும்புகை கக்கி, வேகம் பிடித்ததும் தெளிந்துவிடுகிறது என்றால், காவல்காரன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம். கம்பி இறங்கிய நிலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது யாரோ திருகில் கை வைத்திருக்கலாம்.

பலமும் இல்லை, கரும்புகையும் நிற்கவில்லை என்றால் டீசல் வருகிறது, காற்று வரவில்லை. செம்மண் தூசியில் அடைத்துப்போன ஏர் பில்டர், டர்போவிலிருந்து எஞ்சினுக்கு வரும் தடித்த ரப்பர் குழாயில் வெடிப்பு, தளர்ந்த கிளிப்பு, டர்போவுக்கு முன்னால் எக்சாஸ்ட் மேனிஃபோல்டில் கசிவு, இப்படிப் பல இருக்கலாம். லோரிகளில் பலர் மறந்துவிடுகிற ஒன்று எக்சாஸ்ட் பிரேக். அதன் தகடு பாதி மூடிய நிலையில் துருப்பிடித்து நின்றுவிட்டால் எஞ்சினுக்கு மூச்சு திணறும். டர்போவையே மாற்றிவிட்டு, அப்புறம் இந்தத் தகட்டைக் கண்டுபிடித்தவர்கள் உண்டு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பம்ப்பிலுள்ள காவல்காரன் விழிப்பாக இருந்தால், காற்று குறையும்போது அவனே டீசலையும் குறைத்துவிடுவான். அப்படியிருந்தும் புகை அடர்த்தியாக வருகிறது என்றால் காற்றுப் பக்கம் மட்டுமில்லாமல் பம்ப்பையும் சேர்த்துப் பார்க்கத்தான் வேண்டும்.

நீலப் புகை வேறு கதை. அது எஞ்சின் ஆயில் எரிகிற புகை. டர்போவின் சீல் போயிருக்கலாம். அந்த லோரியை அதற்குமேல் ஓட்டாதீர்கள். ஆயில் அதிகமாக உள்ளே போனால், சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் எஞ்சின் தன் ஆயிலையே குடித்துக்கொண்டு பறக்கும்.

சோதித்துப் பார்ப்பது எப்படி

பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிரஷர் மீட்டர் ஒன்று, மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பு, கொஞ்சம் நல்ல ஹோஸ். அந்தச் சின்னக் குழாயில், பம்ப்புக்குப் பக்கத்தில் மீட்டரை இணைத்து, ஹோஸை கேபினுக்குள் கொண்டுவாருங்கள். பாரத்தோடு மேட்டில் ஏறச் சொல்லுங்கள். மீட்டரைப் பார்ப்பது கூட உட்கார்ந்திருப்பவர் வேலை, ஓட்டுபவர் பாதையைப் பார்க்கட்டும். எவ்வளவு வரவேண்டும் என்பது ஒவ்வொரு எஞ்சினுக்கும் வேறு, மானுவலில் இருக்கும். பழைய நடுத்தர லோரிகளில் பெரும்பாலும் ஒரு பார் அக்கம்பக்கத்தில் நிற்கும். மீட்டர் காட்ட வேண்டியதைக் காட்டுகிறது, லோரி மட்டும் இழுக்கவில்லை என்றால் டர்போ நிரபராதி, பம்ப் பக்கம் போங்கள். மீட்டர் ஏறவே இல்லை என்றால் அதே மீட்டரை மேனிஃபோல்டு முனையில் மாட்டிப் பாருங்கள். அங்கே ஏறினால் இடையிலுள்ள குழாய்தான் குற்றவாளி. அங்கேயும் ஏறவில்லை என்றால் டர்போ, ஹோஸ், கசிவு இவற்றைத் தேட வேண்டும்.

குழாயைச் சும்மா நினைக்காதீர்கள். பிராக்கெட்டில் உரசி ஓட்டை விழும். டர்போ ஆயில் உள்ளே வந்து கரியோடு கெட்டிப்பட்டு அடைக்கும். வாரக் கடைசியில் நிற்கிற லோரியில் எலி கடிக்கும். ஒரு தோட்டத்தில் மீன் தொட்டிக்குக் காற்றுவிடும் பிளாஸ்டிக் குழாயை வாங்கி மாட்டியிருந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது மாவாய் இளகி ஒட்டிக்கொண்டது. காலையில் இழுக்கும், பதினோரு மணிக்கு மேல் இழுக்காது. பேய் பிடித்த லோரி என்று பேரே வைத்துவிட்டார்கள்.

டயாபிரத்தைச் சோதிக்க பம்ப் பக்கத்து முனையில் சைக்கிளுக்குக் காற்றடிக்கிற கைப்பம்ப்பை மீட்டரோடு மாட்டி, மெதுவாக ஒரு பார் வரை ஏற்றிப் பிடியுங்கள். முள் அப்படியே நின்றால் தோல் நன்றாக இருக்கிறது. சர்ரென்று இறங்கினால், அல்லது பம்ப் தலையிலுள்ள மூச்சுத் துளையில் காற்று வந்தால், கிழிந்துவிட்டது. பட்டறையில் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரசரை இதில் வைக்கவே கூடாது. அதில் ஏழு, எட்டு பார் இருக்கும். நல்ல தோலும் அந்த நொடியே கிழிந்துபோகும், அப்புறம் "பழசு, முன்னமே கிழிஞ்சிருந்துச்சு" என்று சொல்லிவிடுவார்கள்.

மூடியைக் கழற்றுவதாக இருந்தால் முதலில் சுற்றியிருக்கும் மண்ணைத் துடைத்துவிடுங்கள். பிறகு மூடி, தோல் இரண்டும் எந்தத் திசையில் இருந்தன என்று கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வி.இ. பம்ப்பில் அந்தக் கூம்புக் கம்பி ஒரே வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் ஆழமாகக் கடைந்திருப்பார்கள். தோலைக் கொஞ்சம் திருப்பி மாட்டினாலே டீசல் அளவு மாறிவிடும். இது தெரியாமல் கழற்றி மாட்டியதால் வந்த புகை கொஞ்சநஞ்சமில்லை.

எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாயில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. அதை விட்டுவிடுங்கள். அந்தக் குழாயில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம். ஊசிமுனை ஓட்டையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும். அப்படி நடந்தால் வலி இல்லையென்று வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கசிவைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும்.

ஒரு திருகு செய்த வேலை

பேராக்கில் ஒரு தோட்டம், பேர் வேண்டாம். இருபது வருஷத்துக்கு மேல் லோரி ஓட்டியவர். லோரி மேட்டில் இழுக்கவில்லை என்று பழுது புத்தகத்தில் எழுதிக் கொடுத்தார். பட்டறையில் பில்டரை மாற்றினார்கள், சரியாகவில்லை. அடுத்து ஒருவர், பம்ப்பின் பின்பக்கத்தில் ஈய முத்திரை வைத்திருக்கும் முழுப்பாரத் திருகை, முத்திரையை உடைத்து உள்ளே திருகிவிட்டார். அந்தத் திருகு டீசலின் உச்ச அளவையே கூட்டுகிற திருகு. லோரி இழுத்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் டீசல் கொட்டியது. கிளம்பும்போதெல்லாம் லயத்து வாசலில் கரும்புகை. துவைத்துக் காயப்போட்ட துணியில் கரி விழுகிறதென்று பெண்கள் டிரைவரைத்தான் ஏசினார்கள். டீசல் கணக்கு மாதாமாதம் கூடியது. மூன்றாம் மாதம் ஆபீசிலிருந்து காரணம் கேட்டுக் கடிதம் வந்தது. அந்தக் கடிதத்தில் திருட்டு என்ற வார்த்தை இல்லை. ஆனால் அதற்குள் லயம் முழுக்க அந்த வார்த்தை பரவிவிட்டது. அவர் மனைவி கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள்.

நாங்கள் கேட்டது ஒன்றுதான். விசாரணைக்கு முன்னால் பம்ப்பைக் கழற்றி, டெஸ்ட் பெஞ்சு உள்ள பம்ப் கடையில் போடுங்கள். மானேஜர் ஒத்துக்கொண்டார், அந்த நியாயத்தைச் சொல்லத்தான் வேண்டும். கடைத் தவுக்கே மூடியைத் திறந்து தோலைத் தூக்கிக் காட்டினார். மடிப்பு ஓரத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கிழிசல். பெஞ்சில் ஓட்டிப் பார்த்தால், காற்று இல்லாத நிலையிலேயே பம்ப் அளவுக்கு மேல் டீசல் கொடுத்தது. "பம்ப்பு இப்படி ஊத்தினா டிரைவர் என்ன செய்வான்?" என்று மலாயில் கேட்டார். அளவுகளை எழுதிச் சீட்டும் கொடுத்தார். முதலில் கிழிந்தது தோல். அதைத் தேடாமல் திருகைத் திருகியதால் வந்தது மற்றதெல்லாம். புதுத் தோல் போட்டு, திருகைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, முத்திரை வைத்தார்கள். லோரி இழுத்தது, புகை நின்றது. கடிதத்தை ஆபீஸ் திரும்பப் பெற்றுக்கொண்டது. குறைந்துபோன நடைகளுக்கான காசு மட்டும் இன்னும் வரவில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவரைக் காப்பாற்றியது இரண்டு காகிதங்கள். ஒன்று அந்த பெஞ்சு சீட்டு. மற்றொன்று, திருகில் கை படுவதற்கு முன்பே தேதி போட்டு "மேடு ஏறவில்லை, புகை இல்லை" என்று பழுது புத்தகத்தில் அவர் எழுதியிருந்த ஒரு வரி. "புகை இல்லை" என்ற அந்த இரண்டு வார்த்தைதான், பின்னால் வந்த புகை எங்கிருந்து வந்தது என்பதைக் காட்டியது.

சட்டமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம் 14-ஆவது பிரிவின்படி, நடத்தைக் குற்றத்துக்காக ஒருவரை வேலை நீக்கவோ, பதவி இறக்கவோ முறையான விசாரணை நடக்க வேண்டும். டீசல் குறைந்தது என்று சொல்லி நினைத்தபடி சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும் முடியாது. எந்தெந்தப் பிடித்தம் செல்லும் என்பதை 24-ஆவது பிரிவு சொல்கிறது. அந்த மாதிரிக் கடிதம் கைக்கு வந்தால் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். பெற்றுக்கொண்டேன் என்று மட்டும் எழுதிவிட்டு வாருங்கள்.

புகை விஷயத்தைச் சும்மா துணி அழுக்காவதோடு விட முடியாது. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. லயத்தை ஒட்டியே லோரி நிறுத்துகிற தோட்டங்களில், காலை ஐந்தரைக்கு எஞ்சினைப் போட்டுச் சூடேற்றுகிறார்கள். அந்த நேரத்தில் சன்னலுக்கு உள்ளே பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருக்கும். கரும்புகை கக்கும் லோரியைப் பற்றிப் பெண்கள் புகார் சொன்னால் டிரைவரை ஏசுவதோடு நிறுத்தாமல், லோரி நம்பரோடு எழுதிக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். டிரைவருக்கும் அது உதவிதான்.

புது லோரி ஓட்டுகிறவர்கள் "எங்கள் வண்டியில் இந்தத் தோலெல்லாம் இல்லையே" என்பீர்கள். உண்மை. காமன் ரெயில் எஞ்சினில் காற்றழுத்தத்தை ஒரு சென்சார் அளக்கிறது, கம்ப்யூட்டர் டீசலைக் கூட்டிக் குறைக்கிறது. சென்சார் கரி பிடித்தாலோ, ஒயர் அறுந்தாலோ மஞ்சள் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் எஞ்சினைக் காப்பாற்ற வேகத்தைக் கட்டிப்போடும். அங்கேயும் தடித்த ஹோஸ், கிளிப்பு, ஏர் பில்டர், எக்சாஸ்ட் பிரேக் தகடு எல்லாம் பழைய கதைதான். விளக்கு எரிந்த நேரத்தையும், அப்போது பாரம் இருந்ததா என்பதையும் எழுதிவையுங்கள். அந்தக் குழாய்களில் 1,500 பாருக்கு மேல் அழுத்தம் போகும், ஆகவே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அங்கே போகவே வேண்டாம்.

பழைய லோரி ஓட்டுகிறவர்கள் நாளைக் காலையில் பானட்டைத் தூக்கினால் இரண்டு இடத்தைப் பாருங்கள். பம்ப்புக்குப் போகும் அந்தச் சின்னக் குழாய் முழுசாக இருக்கிறதா? முழுப்பாரத் திருகில் ஈய முத்திரை இருக்கிறதா? முத்திரை இல்லையென்றால் அன்றைக்கே தேதி போட்டுப் பழுது புத்தகத்தில் எழுதி, போர்மனிடம் கையெழுத்து வாங்கி, அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.